டிராக்டர் லிப்டின் வால்வுத் தேய்மானம்: அதனை அறியும் முறையும் பழுது நீக்கும் முறையும்

உழவு மாடு நொண்டினால் குடியானவன் முதற் சாலிலேயே அதனைக் கண்டுகொள்கிறான். டிராக்டரின் பின்புறத்தில் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிப்ட் நொண்டத் தொடங்கினாலோ, அது பல மாதங்கள் வரையில் வெளிக்குப் புலப்படுவதில்லை. காலையில் கலப்பை செவ்வையாய் மேலெழும்; நடுப்பகலில் சற்றுத் தாழ்ந்து நிற்கும்; வயலின் முனையில் திரும்பும்போது கொழு வரப்பைக் கீறும். பிறகு ஒரு நாள், குறுவைக்குச் சேறடிக்கும் அவசரத்திலே, ரோட்டவேட்டர் மேலே நிற்க மறுத்து வேலை அடியோடு ஸ்தம்பித்துவிடும். அத்தருணத்தில் பம்பு கெட்டுவிட்டதென்று எண்ணிப் புதுப் பம்பு வாங்கிப் பூட்டுவோர் உளர். பூட்டிய பின்னும் கலப்பை பழையபடியே இறங்குமாயின், செலவிட்ட பணமும் கழிந்த பருவமும் திரும்பி வரமாட்டா.

இவ்வாறு லிப்ட் தளர்வதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று, எண்ணெயை அடைத்துத் திறக்கும் கன்ட்ரோல் வால்வின் தேய்மானமாகும். அத்தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் ஒரு கோலும், ஒரு கடியாரமும், சிறிது பொறுமையும் இருந்தால் அதன் அறிகுறியைக் குடியானவரே அளந்துவிடலாம். அளந்து, மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகே சாமான் மாற்ற வேண்டும் என்பதை வற்புறுத்துவதும், அதற்குரிய முறையை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

லிப்டின் வரலாறும் அமைப்பும்

கலப்பையை மூன்று இடங்களில் டிராக்டரோடு இணைத்து, எண்ணெயின் அழுத்தத்தினால் தூக்கி இறக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், அயர்லாந்தில் 1884-ல் பிறந்த ஹாரி பெர்கூஸன் என்பவர். 1936-ல் இங்கிலாந்தில் டேவிட் பிரவுன் தொழிற்சாலையின் உதவியால் இவ்வமைப்புள்ள டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1939-ல் அமெரிக்காவில் ஹென்றி போர்டின் கூட்டுறவாலும், 1946 முதல் கவென்ட்ரி நகரிலும் இவ்வகை டிராக்டர்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. சென்னையில் 1960-ல் ஸ்தாபிக்கப்பட்ட டிராக்டர்ஸ் அண்டு பார்ம் எக்விப்மெண்ட் கம்பெனியின் வாயிலாக இம்முறை தமிழ்நாட்டு வயல்களிலும் பரவியது. மூன்று இடங்களில் இணைக்கும் இவ்வமைப்பு, எக்கம்பெனியின் டிராக்டராயினும் இன்று பொதுவாகக் காணப்படுவதாகும்.

லிப்டின் உறுப்புக்களைச் சுருக்கமாய்ச் சொல்லுமிடத்து அவை ஐந்தாம். எண்ணெயைத் தள்ளும் பம்பு ஒன்று. எண்ணெய் போகும் வழியை மாற்றும் கன்ட்ரோல் வால்வு ஒன்று. எண்ணெயை ஏற்றுப் பிஸ்டனைத் தள்ளும் சிலிண்டர் ஒன்று. பிஸ்டனால் அசைக்கப்பட்டுக் கலப்பையைத் தூக்கும் இரண்டு கைகள். அழுத்தம் அளவுக்கு மீறினால் எண்ணெயை வெளியே விட்டுவிடும் ரிலீப் வால்வு ஒன்று. பழைய பெர்கூஸன் முறையில் பம்பும் வால்வும் பின் அச்சுப் பெட்டியின் எண்ணெயிலேயே முழுகிக் கிடக்கும். வால்வு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் அமைந்திருக்கும். வேறு பல டிராக்டர்களில் பல்சக்கரப் பம்பு என்ஜினோடு சேர்ந்து ஓட, வால்வு மட்டும் இருக்கையின் கீழுள்ள லிப்டுப் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இதனை டிஸ்டிரிபியூட்டர் என்று வழங்குவர்.

வால்வு என்பது வழவழப்பாய்க் கடையப்பட்ட ஓர் எஃகுத் தண்டு. இதற்கு ஸ்பூல் என்று பெயர். இதன் உடலில் சில இடங்களில் பள்ளம் வெட்டியிருக்கும். ஒரு துவாரத்துக்குள் இது முன்னும் பின்னும் நகர்வதால் எண்ணெய் வழிகள் திறந்து மூடுகின்றன. தூக்குதல், நிறுத்துதல், இறக்குதல் என மூன்று நிலைகள் இதற்கு உண்டு. பிள்ளைகள் விளையாடும் பீச்சாங்குழலில், துணி சுற்றிய கோல் குழலை இறுக அடைத்துக்கொள்வதால் நீர் பின்னே கசிவதில்லை. ஸ்பூலிலோ துணியும் இல்லை, ரப்பரும் இல்லை. எஃகுத் தண்டுக்கும் துவாரத்துக்கும் இடையேயுள்ள நெருக்கம் ஒன்றே எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த நெருக்கம் கெட்டால், நிறுத்தும் நிலையிலும் எண்ணெய் ஓரமாய் ஒழுகும். கலப்பையும் அதற்கேற்பத் தாழும்.

சிறு தேய்மானம் பெருங்கசிவாவது எவ்வாறு?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். ஸ்பூலுக்கும் துவாரத்துக்கும் இடையே விடப்படும் வெளி சாதாரணமாய் ஐந்து முதல் இருபது மைக்ரான்களுக்குள் இருக்கும். தலைமயிரின் கனம் சாதாரணமாய் ஐம்பது மைக்ரானுக்குக் குறையாது என்பதை நினைத்தால், இவ்விடைவெளியின் நுண்மை விளங்கும்.

இத்தகைய குறுகிய சந்தில் ஒழுகும் எண்ணெயின் அளவு இடைவெளியைப் பொறுத்து நேர்விகிதமாய் ஏறுவதன்று. இடைவெளியின் மும்மடிப் பெருக்கமாய் ஏறுவது. இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் கசிவு இருபத்தேழு மடங்காகும். தண்டு நடுவில் நில்லாமல் துவாரத்தின் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தால், அதே இடைவெளியில் கசிவு இரண்டரை மடங்கு வரையில் மிகும். பல வருஷம் ஒழுங்காய் வேலை செய்த வால்வு, கடைசிச் சில மாதங்களில் மளமளவென்று கெடுவதன் மர்மம் இதுவே.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது எண்ணெயின் சூடு. எண்ணெய் இளகினால் அதிகமாய்க் கசியும். டிராக்டர்களில் வார்க்கும் சாதாரண எண்ணெயின் கெட்டித்தன்மை 40 டிகிரிச் சூட்டில் இருப்பதைக் காட்டிலும் 80 டிகிரியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே காலையில் ஒரு பங்காய் இருந்த கசிவு, நன்றாய்ச் சூடேறியபின் நான்கு பங்காகும். “காலையில் நன்றாயிருக்கிறது, மத்தியானம் இறங்குகிறது” என்று டிரைவர் சொல்லும் புகார் இதனால் மிகவும் மதிக்கத்தக்கது. தேய்மானத்தின் முதற் சாட்சி அவர் வாக்கேயாகும்.

கசிவின் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். 80 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிலிண்டரில் பிஸ்டன் பத்து சென்டிமீட்டர் நகர்வதற்கு ஏறக்குறைய 500 கன சென்டிமீட்டர் எண்ணெய் வேண்டும். வால்வில் நிமிஷத்திற்கு 50 கன சென்டிமீட்டர், அதாவது கால் ஆழாக்குக்குச் சற்று மேல், கசியுமானால் பத்து நிமிஷத்தில் தூக்கிய கலப்பை முழுவதும் தரையில் வந்து உட்காரும். என்ஜின் ஓடும்போதோ, நிமிஷத்திற்குப் பல லிட்டர் எண்ணெயைத் தள்ளும் பம்பு இக்கசிவை எளிதில் ஈடு செய்துவிடும். அப்பொழுது கலப்பை சற்று இறங்குவதும், வால்வு தானே திறந்து மீண்டும் தூக்குவதுமாய், லிப்டின் கைகள் தலையாட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தலையாட்டம் உள்கசிவின் தெளிவான அடையாளமாகும்.

தேய்மானத்தின் காரணங்கள்

(1) தூசும் மணலும். கண்ணுக்குத் தெரியும் மணல் ஸ்பூலின் சந்துக்குள் புகாது. அச்சந்தின் அளவேயுள்ள நுண்துகள்களே உள்ளே புகுந்து, எஃகை நீளவாட்டில் கீறுகின்றன. கரிசற் காட்டிலே கோடையுழவின் புழுதிக்குள் ஓடும் டிராக்டர்களுக்கு இவ்வபாயம் அதிகம். மூடியில்லாத டப்பாவில் எண்ணெய் வாங்கிவைத்தல், அழுக்குப் புனலால் ஊற்றுதல், அளவுக் கம்பியைத் துடையாமல் செருகுதல் ஆகிய சிறு அசட்டைகளே துகள் புகும் வழிகள்.

(2) நீர். கேஜ் வீல் பூட்டிச் சேறடிக்கும் டிராக்டரில், பின் அச்சின் ஆயில் சீல்கள் தேய்ந்திருந்தால் சேற்று நீர் உட்புகும். நீர் கலந்த எண்ணெய் பால் விட்ட காப்பியின் நிறமாய் மாறும். அந்த நீர் ஸ்பூலின் மேல் துருவேற்றிக் குழிகளை உண்டாக்கும். பருவம் முடிந்து டிராக்டர் சும்மா நிற்கும் மாதங்களிலேயே துரு அதிகமாய்ப் பற்றும்.

(3) பழைய எண்ணெய். காலம் கடந்த எண்ணெய் சூட்டினால் கெட்டுப் பிசினாகி ஸ்பூலின் மேல் படியும். அதனால் ஸ்பூல் நகரத் தயங்கி, லிப்ட் வெட்டி வெட்டித் தூக்கும்.

(4) விளிம்பு மழுங்குதல். ஸ்பூலிலுள்ள பள்ளங்களின் விளிம்புகள் கூர்மையாய் இருந்தாற்றான் எண்ணெய் வழி சட்டென்று மூடும். அழுத்தமுள்ள எண்ணெய் துகள்களோடு பாய்வதால் அவ்விளிம்புகள் அரிக்கப்பட்டு உருண்டுவிடும்.

(5) சாய்வாய் இழுத்தல். லீவர், கம்பி, பின் முதலியவை தேய்ந்து ஸ்பூலை நேராய்த் தள்ளாமல் ஒரு பக்கமாய்த் தள்ளினால், துவாரம் அப்பக்கம் மாத்திரம் தேய்ந்து நீள்வட்டமாகும்.

ஆராயும் முறை

ஆராய்ச்சிக்கு முன் ஓர் எச்சரிக்கை. தூக்கி நிற்கும் கலப்பையின் கீழே எவரும், எக்காரணத்தாலும், நுழையலாகாது. லிப்டில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதே நோக்கமாதலால், கலப்பை இறங்கும் என்றே கொள்ள வேண்டும். இறங்கும் எடையை மனிதக் கை தடுத்து நிறுத்த முடியாது. அளவெல்லாம் பக்கத்தில் நின்றே எடுக்கப்பட வேண்டும். கலப்பையின் கீழே வேலை இருந்தால், அதனைத் தரையில் இறக்கியோ, திடமான மரக்கட்டைகளின் மேல் தாங்கவைத்தோதான் செய்யலாம்.

முதலாவது, எண்ணெய். டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையை இறக்கி, அளவுக் கம்பியால் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். அப்பொழுது ஊளைச் சத்தமும் எண்ணெயில் நுரையும் காணும். நிறமும் வாசனையும் கவனிக்கத்தக்கவை. பால் நிறம் நீரையும், கறுப்பு நிறத்தோடு கூடிய தீய்ந்த வாசனை கெட்ட எண்ணெயையும் குறிக்கும்.

இரண்டாவது, பில்டர். அடைபட்ட பில்டரால் லிப்ட் மெதுவாய் எழும்பும். ஆனால் எழும்பிய பின் இறங்காது. எழும்புவதில் தாமதமும், எழும்பியபின் நிலையாமையும் வெவ்வேறு நோய்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, லீவரும் எடையும். கலப்பையின் உயரத்தைக் காக்கும் லீவர் வேறு. உழவின் ஆழத்தைக் காக்கும் லீவர் வேறு. இவ்விரண்டையும் மாற்றி வைத்தால், பழுதில்லாத லிப்டும் ஏறியிறங்கிக்கொண்டிருக்கும். கம்பிகளின் அளவு கைப்புத்தகத்தில் கண்டபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிராக்டரின் தூக்கும் சக்திக்கு மிஞ்சிய ரோட்டவேட்டரைப் பூட்டியிருந்தால் குறை வால்வினுடையதன்று.

நான்காவது, இறக்கச் சோதனை. மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலுள்ள மத்திய அரசாங்கத்தின் பண்ணை யந்திரப் பரீட்சை நிலையத்தில் டிராக்டர்களைச் சோதிக்கையில், லிப்டில் எடையைத் தூக்கி நிறுத்தி, ஐந்து ஐந்து நிமிஷத்திற்கு ஒரு முறையாக அரைமணி நேரம் அது எவ்வளவு இறங்குகிறதென்று அளந்து குறிக்கின்றனர். அதே முறையைக் கிராமத்திலும் கைக்கொள்ளலாம். வழக்கமாய் உபயோகிக்கும் ஒன்பது கொத்துக் கலப்பையையோ சட்டிக் கலப்பையையோ பூட்டி, முழுவதும் தூக்கி, லீவரை அந்நிலையில் விட்டு, என்ஜினை நிறுத்த வேண்டும். கலப்பைக்குப் பக்கத்தில் ஒரு கோலை நேராக ஊன்றி, சட்டத்தின் உயரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோலில் குறிக்க வேண்டும். பின்பு ஐந்து நிமிஷத்திற்கு ஒரு குறியாக ஆறு குறிகள் இட வேண்டும். இச்சோதனையைக் காலையில் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது ஒரு தரமும், இரண்டு மணி நேரம் வேலை செய்தபின் ஒரு தரமும் செய்ய வேண்டும். இரண்டு தரமும் கலப்பை ஒன்றாகவே இருத்தல் அவசியம். பளு மாறினால் அழுத்தம் மாறும்; அழுத்தம் மாறினால் கசிவும் மாறும்.

உதாரணமாக, அரைமணி நேரத்தில் காலையில் 20 மில்லிமீட்டர் இறங்கிய கலப்பை நடுப்பகலில் 80 மில்லிமீட்டர் இறங்குமாயின், எண்ணெய் இளகியதற்குச் சரியாகக் கசிவும் நான்கு மடங்காயிற்று என்பது தெரிகிறது. இது நெருக்கம் கெட்ட சந்தின் இயல்பு. அதற்கு மாறாக, காலை மாலை இரு வேளையும் கலப்பை மளமளவென்று இறங்கினால், கிழிந்த ரப்பர் வளையம், பிளந்த கேஸ்கட், இருக்கையில் உட்காராத பந்து வால்வு ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாவது, கசிவின் இடம். நெருக்கம் கெட்ட சந்து வால்வில் மட்டுமின்றிச் சிலிண்டரின் பிஸ்டனிலும் இருக்கக்கூடும். இருக்கையின் கீழே ஐசொலேட்டர் எனப்படும் அடைப்பு வால்வுள்ள டிராக்டர்களில் இதைப் பிரித்தறிவது எளிது. கலப்பையைத் தூக்கி அவ்வடைப்பை மூடிவிட்டால், சிலிண்டருக்கும் கன்ட்ரோல் வால்வுக்கும் தொடர்பு அறும். மூடியபின் கலப்பை இறங்காது நின்றால் குற்றம் கன்ட்ரோல் வால்வின் பக்கத்தது. மூடியும் இறங்கினால் சிலிண்டரையும் அதன் வளையங்களையும் பார்க்க வேண்டும். இவ்வடைப்பு இல்லாத பழைய டிராக்டர்களில், பழகிய மெக்கானிக் எண்ணெய் மட்டத்தைக் குறைத்துப் பெட்டியின் மூடியைத் திறந்து, எண்ணெய் எவ்விடத்திலிருந்து சொட்டுகிறதென்று விளக்கொளியில் பார்த்துச் சொல்வார்.

ஆறாவது, அழுத்தம். பம்பைக் குறைகூறுமுன் அழுத்தமானியைப் பூட்டி, எண்ணெய் சூடாயிருக்கும்போது அளக்க வேண்டும். சாதாரணமாய் டிராக்டர் லிப்டுகளில் ரிலீப் வால்வு சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான அழுத்தத்தில் திறக்கும். அந்தந்த டிராக்டருக்குரிய அளவு கைப்புத்தகத்தில் இருக்கும். சூடான எண்ணெயிலும் அவ்வளவு அழுத்தம் எழுமாயின் பம்பு நல்லது. அதை மாற்றுவது வீண் செலவு. அழுத்தம் எழாவிட்டாலும், ரிலீப் வால்வைத் தனியே சோதித்த பிறகே பம்பின் மேல் தீர்ப்புக் கூற வேண்டும்.

பழுது நீக்கும் முறை

வால்வே குற்றவாளி என்று தெளிந்தபின் அதனைக் கழற்றலாம். இது களத்து மேட்டில் செய்யும் வேலையன்று. தூசில்லாத அறையில், வெளிப்புறத்தை நன்றாய்க் கழுவித் துடைத்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். கழற்றிய சுருள்வில், வாஷர், பந்து முதலியவற்றை எடுத்த வரிசையிலேயே தட்டில் அடுக்க வேண்டும். உறுப்புக்களைச் சுத்தமான மண்ணெண்ணெயில் கழுவி, நூல் உதிராத துணியால் ஒற்ற வேண்டும். கழிவுப் பஞ்சால் துடைத்தால் அதன் இழைகளே அடுத்த பழுதுக்கு வித்தாகும்.

பிறகு ஸ்பூலில் நல்ல எண்ணெய் தடவித் துவாரத்தில் இட்டு நகர்த்திப் பார்க்க வேண்டும். தண்டைச் சிறிது சிறிதாய்ச் சுற்றி, எந்நிலையிலும் சீராய் நகர்கிறதா என்று சோதிக்க வேண்டும். எங்கேனும் பிடித்துக்கொண்டால் பிசினோ வளைவோ உண்டு. பக்கவாட்டில் அசைத்தால் கையில் ஆட்டம் தெரியுமாயின், தேய்மானம் அளவு கடந்துவிட்டது. விரல் நகத்தை ஓட்டினால் தட்டும் அளவுக்குக் கீறலோ குழியோ உள்ள ஸ்பூல் மறு உபயோகத்துக்கு உதவாது. முடிவான தீர்ப்பு மைக்ரோமீட்டரும் போர் கேஜும் காட்டும் அளவைப் பொறுத்தது. துவாரத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரு முறையும் அளந்தாற்றான் ஒருபக்கத் தேய்மானம் வெளிப்படும்.

அளவுகளைக் கண்டபின் மூன்று வழிகள் உள்ளன. ஸ்பூலும் துவாரமும் அளவுக்குள் இருந்து, ரப்பர் வளையங்களோ சுருள்விற்களோ பந்தின் இருக்கையோ மட்டும் கெட்டிருந்தால், அவற்றை மாற்றுவதே போதுமானது. துவாரம் தேய்ந்தும் உலோகம் திடமாயிருந்தால், நுண்ணிய வேலை செய்யும் பட்டறையில் துவாரத்தை ஹோனிங் செய்து நேராக்கி, அதற்கேற்பச் சற்றுப் பருத்த ஸ்பூலைச் செய்து பொருத்தலாம். இவ்வேலை மைக்ரான் கணக்கில் அமைய வேண்டுவதாதலால், சாதாரண லேத்துப் பட்டறையில் ஒப்படைக்கலாகாது. துருக்குழிகள் ஆழமாயிருந்தாலோ பெட்டி வெடித்திருந்தாலோ, ஸ்பூலும் உறையும் சேர்ந்த முழு ஜோடியைப் புதிதாக வாங்குவதே சிக்கனம். ஸ்பூலும் உறையும் ஜோடியாய்த் தேர்ந்து பொருத்தப்படுபவை. ஒரு டிராக்டரின் ஸ்பூலை இன்னொன்றின் உறையில் இடுதல் தவறு.

இப்பழுது டிராக்டருக்கே உரியதுமன்று. 1940-ஆம் வருஷ மாதிரியாக அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வெளிவந்த ஹைட்ராமாட்டிக் முதலாக, தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார்கள் பெரும்பாலானவற்றிலும் எண்ணெய் வழிகளை ஆள்வது வால்வு பாடி என்னும் பாகமே. இக்காலத்துக் கார்களில் அது பெரும்பாலும் அலுமினியத்தாலானது. அதன் துவாரங்கள் தேய்ந்தால், குளிர்ந்திருக்கையில் ஒழுங்காய் ஓடும் கார் சூடேறியதும் கியர் மாறத் தாமதித்து உதைக்கும். அங்கும் துவாரத்தை ரீமரால் பெரிதாக்கிப் பருத்த வால்வையோ உள்ளுறையையோ பொருத்துவதே பரிகாரம். நோயும் அறிகுறியும் மருந்தும் ஒன்றாயிருத்தல் கவனிக்கத்தக்கது.

உறுப்புக்களைப் பூட்டியபின் பெட்டியின் அடியிற் படிந்த வண்டலை முற்றும் கழுவி நீக்கி, புது எண்ணெயும் புதுப் பில்டரும் இட வேண்டும். பழைய எண்ணெயைத் திரும்ப வார்ப்பது, புது வால்வுக்குப் பழைய துகள்களைக் கொடுப்பதாகும். முதலில் பளுவின்றிப் பல முறை தூக்கியிறக்கிக் காற்றை வெளியேற்றி, பின்பு கலப்பையைப் பூட்ட வேண்டும். முடிவில் இறக்கச் சோதனையைக் குளிரிலும் சூட்டிலும் மறுபடி செய்து, முன் எழுதிய குறிகளோடு ஒப்பிட வேண்டும். அவ்வொப்பீடு இல்லாமல் பட்டறைக் கூலியைத் தீர்ப்பது முறையன்று.

செய்யத் தகாதவை

ஸ்பூலை உப்புத்தாளாலோ எமரித் தாளாலோ தேய்த்து மினுக்குவது பெருந்தவறு. அதனால் இடைவெளி மிகும். கூரிய விளிம்புகள் மழுங்கும். எமரித்தூள் உலோகத்தில் பதிந்து மேலும் அறுக்கும்.

கசிவைக் குறைக்கக் கெட்டியான எண்ணெயை வார்ப்பது சில நாள் பலன் தருவதுபோல் தோன்றும். ஆனால் குளிர்ந்த வேளையில் அது பம்புக்கு எளிதில் போய்ச் சேராமல் பம்பைக் கெடுக்கும். பல டிராக்டர்களில் அதே எண்ணெயே கியர்களுக்கும், எண்ணெயில் முழுகிய பிரேக்குகளுக்கும் பயன்படுவதால், வேறு எண்ணெயால் பிரேக் பிடிக்காமற் போகும் அபாயமும் உண்டு.

ரிலீப் வால்வின் சுருள்வில்லுக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தை ஏற்றுவது அதனினும் கொடிது. அவ்வால்வு யந்திரத்தின் உயிரைக் காக்க வைத்தது. அதனை இறுக்கினால் கசிவு நிற்காது. சிலிண்டரோ பெட்டியோ வெடிக்கும்.

எண்ணெய்க் குழாய்களில் கசிவைக் கையால் தடவித் தேடுவதும் கூடாது. அழுத்தத்தோடு ஊசிபோல் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். வெளியே ஊசி குத்தினாற்போன்ற சிறு புள்ளியே தெரிந்தாலும், உள்ளே சதை அழியும். அவ்வாறு நேர்ந்தால் வலியில்லையென்று தாமதியாமல், உடனே சஸ்திர சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எண்ணெய் பாய்ந்ததென்று வைத்தியரிடம் தெளிவாய்ச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட அட்டைத் துண்டு ஒன்றே போதும்.

வருமுன் காத்தல்

கைப்புத்தகத்தில் கண்ட மணிக்கணக்குப்படி எண்ணெயையும் பில்டரையும் மாற்றுதல், சேற்றுழவு முடிந்தவுடன் எண்ணெயின் நிறத்தைப் பார்த்தல், பால் நிறம் கண்டால் மணிக்கணக்கை எதிர்பாராமல் மாற்றி ஆயில் சீலையும் புதுப்பித்தல், மூடியிட்ட சுத்தமான பாத்திரத்திலிருந்தே எண்ணெய் ஊற்றுதல், காற்றுப்போக்கியாகிய பிரீதரை அடைப்பின்றி வைத்தல், வேலை முடிந்ததும் கலப்பையைத் தரையில் இறக்கி நிறுத்துதல் ஆகிய இவ்வாறும் வழக்கமாயின், வால்வு நெடுங்காலம் உழைக்கும்.

கூட்டுறவுச் சங்கங்களிலும் வாடகை நிலையங்களிலும் ஒரே டிராக்டரைப் பலர் ஓட்டுவதால், குறை யாருடைய கண்ணிலும் படாமற் போவது சகஜம். அவ்விடங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இறக்கச் சோதனையின் அளவுகளையும், எண்ணெய் மாற்றிய தேதியையும் எழுதிவரக் கிராம உத்தியோகஸ்தர்களும் சங்க நிர்வாகிகளும் ஏற்பாடு செய்யலாம். சென்ற பருவத்தில் 20 மில்லிமீட்டராய் இருந்தது இப்பருவத்தில் 40 ஆயிற்று என்று புத்தகம் காட்டினால், நடவுக்கு முன்னுள்ள ஓய்வு நாட்களிலேயே வால்வைக் கழற்றிப் பார்த்துவிடலாம். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் வந்த பிறகு பட்டறை வாசலில் காத்திருக்கும் நிலைமை நேராது.

அரைமணி நேரச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. அதனைச் செய்யாமல் விட்டதன் செலவோ, வேண்டாத பம்பின் விலையாகவும், தப்பிய பருவமாகவும், சிற்சில இடங்களில் கலப்பையின் கீழ் அகப்பட்ட கை காலாகவும் கணக்கில் ஏறும். டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு குடியானவரும் இப்பருவத்திலேயே முதற் குறியைக் கோலில் இட்டுவைப்பாராக.